இரண்டு சென்ட் பண்ணையம்

கொங்கு நாட்டில் பூமி வைத்திருப்பவனுக்கு இருக்கிற மரியாதையே தனி. பெண் பார்க்கிற இடத்தில், மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார் என்று சொல்லி முடித்த பிறகும், "ஊர்ல பூமி எவ்வளவு இருக்குதுங்க?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கும் உண்டு. கோவை வடவள்ளிப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட். ஏக்கரில் சொன்னால் புள்ளி வைத்து, சைபர் போட்டு, அதற்கப்புறம்தான் ஓர் எண்ணே வரும். அதனால் சதுர அடியில் சொல்லிவிடுவேன்: 870. கேட்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

"ரிட்டயர் ஆயிட்டீங்க, பொழுது எப்படிங்க போகுது?" என்று விசாரிக்கிறவர்களுக்கு நான் வாயால் பதில் சொல்வதில்லை. கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்விடுவேன். ஒருமுறை வந்தவர்கள் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நீங்கள் தூரத்தில் இருப்பதால் எழுத்திலேயே அழைத்துப் போகிறேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள், நெருஞ்சி கிடக்கும்.

கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் சுரை, புடலை, பீர்க்கு, பாகல். தரையில் அரசாணி; மற்ற ஊர்க்காரர்கள் பரங்கி என்பார்கள், சென்னைக்காரர்கள் மஞ்சள் பூசணி என்பார்கள். பாத்தி பிடித்துத் தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய். சுவரோரம் வாழை, பப்பாளி, எலுமிச்சை, கறிவேப்பிலை. கால் வைக்க இடமில்லை. மயில் கால் வைக்க மட்டும் எப்படியோ இடம் இருந்துவிடுகிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பெரியவர்கள் சொன்னார்கள், விதைத்தோம். அப்படி விதைத்ததெல்லாம் புரட்டாசியில் ஒரே நேரத்தில் பூத்து, காய்த்து, ஆளைக் கூப்பிடும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேர் விதைத்திருக்க மாட்டார்கள்.

விடிகாலை ஐந்தரைக்கு முதல் வேலை கல்யாணத் தரகு. அரசாணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. நீளக் காம்பில் நிமிர்ந்து நிற்பது ஆண். அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சோடு குட்டைக் காம்பில் உட்கார்ந்திருப்பது பெண். கொடி முதலில் ஆண் பூக்களாகவே பூத்துத் தள்ளும். பெண் பூ ஆடி அசைந்து பின்னால்தான் வரும். வந்த பிறகும் தானாக ஒன்றும் நடந்துவிடாது. மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீ வந்து கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் உண்டு. தேனீ வராத நாளில் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். எங்கள் தெருவுக்குத் தேனீ வருவது குறைந்து வெகுநாள் ஆகிறது. ஆகவே அதன் வேலையையும் நானே பார்க்கிறேன்.

முகூர்த்தம் தவறக் கூடாது. பூ விடியும்போது விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். காபி குடித்துவிட்டு நிதானமாகப் போனால் மண்டபம் காலி. ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழ்களைப் பிய்த்துப் போட்டால், நடுவில் மஞ்சள் பொடி அப்பிய தண்டு மட்டும் நிற்கும். விரலால் தொட்டால் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் நேற்றைய பூ. வரன் பொருந்தாது, அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதான். பெண் பூவுக்குள்ளே ஈரப் பளபளப்போடு மடல் மடலாகப் பிரிந்த முடி ஒன்று இருக்கும். ஒவ்வொரு மடலிலும் பொடி படுகிற மாதிரி மெதுவாகத் தடவ வேண்டும். ஒரு மடலை விட்டுவிட்டால் காய் ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் சூம்பி, கோணலாக வரும். இரண்டு வீட்டாருக்கும் திருப்தியாக முடித்து வைக்கிறேன். கமிஷன் மட்டும் இதுவரை யாரும் கொடுத்ததில்லை.

பிஞ்சு நின்றுவிட்டது என்று தெரிந்ததும் அடுத்த கட்டுப்பாடு அமலுக்கு வரும்: விரல் நீட்டிக் காட்டக் கூடாது. நீட்டினால் அழுகிவிடும் என்பது எங்கள் அம்மா காலத்துச் சட்டம். வீட்டுக்கு வருகிற குழந்தைகள் "அதோ பாரு!" என்று ஆரம்பிக்கும்போதே நான் விரலை மடக்கிவிடுவேன். பெரியவர்களுக்கு முழங்கையால் காட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அழுகக் காரணம் பழ ஈ என்கிறது வேளாண்மைப் புத்தகம். தாய் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிட்டுப் போய்விடும். புழு உள்ளே இருந்து தின்னும். வெளியே ஒரு சொட்டுப் பிசின்தான் தெரியும். புத்தகத்தையும் நம்புகிறேன், அம்மாவையும் நம்புகிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று பந்தல் காலில் ஒரு பழைய செருப்பும் தொங்குகிறது.

பழ ஈக்கு நல்ல கைமருந்து கருவாட்டுப் பொறி. மூடி போட்ட டப்பாவில் ஓட்டை போட்டு, நனைத்த கருவாட்டுத் தூளை உள்ளே வைத்துக் கட்டினால் ஈ வாசத்துக்கு வந்து மாட்டிக்கொள்ளும். உபாயம் சரி, மாதம்தான் சரியில்லை. புரட்டாசியில், அதுவும் சனிக்கிழமை, காரமடை அரங்கநாதரைக் கும்பிடக் கிளம்புகிற வீட்டில் பின்கட்டிலிருந்து கருவாட்டு வாசம் வந்தால் என்ன ஆகும்?

"ஏனுங்க, இது என்ன நாத்தம்?"

"ஈக்கு வெச்சது."

"ஈக்கு எதுக்குங்க புரட்டாசில கவுச்சி?"

"நாம திங்கலயே. ஈதானே திங்குது?"

"யாரு திங்கறாங்கன்னு பெருமாள் வந்து எட்டிப் பார்ப்பாரா? அவருக்கு வாசம்தான் வரும்."

இதற்கு எந்த வேளாண்மைப் புத்தகத்திலும் பதில் இல்லை. பொறி மொட்டைமாடிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஈ வரவில்லை, தெருவில் உள்ள பூனைகள் அத்தனையும் வந்தன. ஐப்பசி பிறக்கும் வரை பழ ஈக்களுக்கு எங்கள் வீட்டில் பொது மன்னிப்பு.

அடுத்து தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் ருசியில் உலகத்திலேயே இரண்டாவது என்று கோயம்புத்தூர்க்காரர்கள் சொல்லிக்கொள்வோம். போட்டி எங்கே நடந்தது, நடுவர் யார் என்றெல்லாம் கேட்கக் கூடாது. அந்தத் தண்ணீரில் ஒரு குடம் செடிக்குப் போனால் வீட்டில் பஞ்சாயத்து கூடிவிடும். செடிகளுக்குப் போர் தண்ணீர்தான், அதாவது உப்புத் தண்ணி. அரிசி கழுவிய கழனி வாழைக்கு. குழாயைத் திறந்துவிட்டுப் பேப்பர் படிக்கலாம் என்றால் முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தியம். தக்காளியைக் காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் பழம் வெடிக்கும். மிளகாய்க்கு அதிகமானால் வேர் அழுகும். பப்பாளியின் தூரில் தண்ணீர் தேங்கினால், பார்க்க நன்றாக நின்ற மரம் ஒரு நாள் மரியாதையாகப் படுத்துக்கொள்ளும். வெண்டை மட்டும் என்ன கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். குடும்பத்துக்கு ஒருவர் அப்படி இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஏழு மணிக்கு மயில். "மருதமலை அடிவாரமுங்க, மயில் வரும், பார்த்துக்கிட்டே காபி குடிக்கலாம்" என்று சொல்லித்தான் இந்த இடத்தை எனக்கு விற்றார்கள். சொன்ன வாக்கு பொய்யில்லை. நான் காபி குடிக்கிறேன், அது தக்காளி தின்கிறது. ஒரு பழத்தை முழுசாகத் தின்றாலும் மனசு ஆறும். ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து. ருசி பார்த்துவிட்டு அடுத்த செடி. மிளகாய் நாற்றுக்கு வந்தால் குருத்தை மட்டும் கிள்ளிவிட்டுப் போகும்.

விரட்டுவது சுலபமில்லை. 1963இல் அதைத் தேசியப் பறவை ஆக்கினார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கிற முதல் அட்டவணையில்தான் இதுவும் இருக்கிறது. சட்டம் கண்டுகொள்ளாவிட்டாலும் என் மனைவி கண்டுகொள்வாள்: "முருகன் வாகனத்து மேல கல்லு எறிஞ்சுட்டு அப்புறம் எந்த மூஞ்சியோட மலை ஏறுவீங்க?" ஆகவே கைதட்டல் ஒன்றுதான் எனக்கு அனுமதிக்கப்பட்ட ஆயுதம். போன ஆனியில் அதையும் செய்து பார்த்தேன். மயில் நின்றது, என்னைப் பார்த்தது, தோகையை விரித்தது. எதிர் மாடியில் இருந்தவர் உடனே செல்போனில் படம் எடுத்துத் தெரு முழுக்க அனுப்பிவிட்டார். விரித்த தோகைக்குப் பின்னால், தலையில் துண்டு கட்டிய ஒருவர் ஆனந்தமாகக் கைதட்டுவது அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. "இயற்கையை ரசிக்கத் தெரிஞ்ச மனுஷனுங்க" என்று நாலு பேர் பாராட்டினார்கள். இப்போது புரட்டாசியில் தோகை உதிர்ந்து, வெறும் வாலோடு வருகிறது. அழகு போய்விட்டது, பசி போகவில்லை.

மயில் போனதும் கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் புழு பார்க்க வேண்டும். எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம்புழு லேசில் கண்ணில் படாது. கறுப்பும் வெள்ளையுமாக, காக்கை எச்சம் என்று நாம் ஒதுக்கிவிட்டுப் போகிற தோற்றத்தில் இலை மேலேயே பகிரங்கமாக உட்கார்ந்திருக்கும். வளர்ந்ததும் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, இரட்டைப் பிரிவாக, ஒரு கொம்பை வெளியே நீட்டும். கூடவே ஒரு வாடை. விரல் நீளம்கூட இல்லாத உயிர் தைரியமாக மிரட்டுவதைப் பார்த்தால் நமக்கே ஒரு நிமிஷம் கை நின்றுவிடும்.

கை நின்ற அந்த நிமிஷத்தில்தான் பக்கத்து வீட்டுப் பாப்பா மதில் மேல் தலையை நீட்டும். இரண்டாம் வகுப்பு படிக்கிறது.

"தாத்தா, அதைக் கொல்லாதீங்க. அது பட்டாம்பூச்சி."

"இப்போதைக்குப் புழு, கண்ணு."

"எங்க மிஸ் பட்டாம்பூச்சின்னுதான் சொன்னாங்க."

மிஸ் சொன்னதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஒரு கறிவேப்பிலைச் செடியைப் புழுக்களுக்கென்று ஒதுக்கிவிட்டேன். அவை அதை மொட்டையடித்துவிட்டுக் கூடு கட்டும். கூட்டிலிருந்து பட்டாம்பூச்சி வரும்போது பாப்பா கைதட்டும். அது சிறகை உலர்த்திக்கொண்டு கிளம்பி, கொஞ்ச நாளில் ஜோடியோடு திரும்பி, இதுவரை யாரும் தொடாத என் எலுமிச்சைக் கொழுந்தாகப் பார்த்து ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போகும்.

கறிவேப்பிலை என்றதும் கணக்கு ஞாபகம் வருகிறது. தோட்டக் கணக்கை என் மனைவி ஒரு பழைய டைரியில் எழுதி வருகிறாள். செலவுப் பக்கத்தில் செம்மண் ஒரு லோடு, தொழுவுரம், வேப்பம் புண்ணாக்கு, பந்தல் கம்பி, மயிலுக்கு வலை, வலையைக் கிழித்த அணிலுக்கு இன்னொரு வலை, பூவாளி, முதுகுவலித் தைலம். வரவுப் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை: கறிவேப்பிலை. வருஷம் முழுக்கத் தவறாமல் விளைவது அது ஒன்றுதான். கடையில் காய் வாங்கினால் கொசுறாகப் போடுவதும் அது ஒன்றுதான்.

"தக்காளி?" என்று கேட்பீர்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் வைத்து 60 ரூபாய்க்கு அரசாங்கமே விற்றது. ஊரே தக்காளி இல்லாமல் ரசம் வைக்கப் பழகிய அந்த நாட்களில், "உங்களுக்கென்னங்க, வீட்டுலயே காய்க்குது" என்று தெருவே என்னைப் பொறாமையோடு பார்த்தது. என் செடிகளோ சித்திரை, வைகாசி வெயிலில் பூவையெல்லாம் கொட்டிவிட்டு, இலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றன. ஊரில் தக்காளி குறையக் காரணமான அதே வெயில்தானே என் பின்கட்டிலும் அடித்தது? அப்புறம் கிணத்துக்கடவு சந்தையில் கூடை கூடையாக வந்து குவிந்து, கேட்க ஆளில்லாமல் சீரழிகிற வாரமாகப் பார்த்து என் செடிகளும் கொத்துக் கொத்தாகப் பழுக்கும். சந்தை நிலவரத்தை அவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொள்ள அவற்றுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் ஒரம்பரை வந்தது. மனைவியின் அண்ணன். பொள்ளாச்சிப் பக்கம் எட்டு ஏக்கர் தென்னை. பின்கட்டில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

"நல்லா வெச்சிருக்கீங்க மாப்பிள்ளை. எங்க வாய்க்கால் வரப்பு இத்தன அகலம் இருக்குமுங்க."

சொல்லிக்கொண்டே இரண்டு எட்டு முன்னால் வந்தார். 'ணங்' என்று ஒரு சத்தம். புடலம்பிஞ்சு சுருண்டுகொள்ளாமல் நேராக வளர அதன் நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவது உலக வழக்கம். பந்தலை நான் என் உயரத்துக்கு அளந்து போட்டிருக்கிறேன். மச்சான் என்னைவிட ஒரு சாண் உயரம். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "பூமி சின்னதுன்னாலும் காவல் பலமா இருக்குதுங்க."

காயம் பட்டவருக்கு அறிவுரை சொல்லும் உரிமை வந்துவிடுகிறது. தண்ணீர் விடாமல், உரம் போடாமல், பட்டம் பார்க்காமல் தோட்டத்தில் விளைவது அறிவுரைதான். கொடுமுடி டாக்டர் நடராஜன் பிரபலமாக்கிய பஞ்சகவ்யத்தைத் தெளிக்கச் சொன்னார் மச்சான். 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர். என் தெளிப்பானுக்கு 10 லிட்டர்தான் பிடிக்கும் என்றால் 300 மில்லி. நல்ல யோசனைதான். என்னென்ன சேர்மானம் என்று என் மனைவி கேட்டாள். மச்சான் விரல் விட்டுச் சொன்னார்: சாணம், கோமியம், பால், தயிர், நெய், இளநீர், வெல்லம், நன்றாகக் கனிந்த பூவன் பழம்.

"ஏண்ணா, முதல் ரெண்டை விட்டுட்டு மீதியை எனக்குக் குடுத்தா நானும்தான் தளதளன்னு இருப்பேன்."

மச்சான் அதற்கு மேல் பேசவில்லை. பஞ்சகவ்யம் தயாராகி, டிரம்மில் ஊறி, இப்போது தெளிக்கவும் செய்கிறேன். செடிகள் பசேலென்று இருக்கின்றன. தெளித்த அன்று மட்டும் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி யாரும் வருவதில்லை. அதுவும் ஒரு நல்ல பலன்தான்.

தோட்டத்தில் என்னை வேலை வாங்காத ஒரே ஜீவன் பப்பாளி. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 2008இல் இந்தக் கோவையில்தான் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தலை காட்டியது. வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று கிடைத்ததையெல்லாம் காலி செய்தது. என்ன அடித்தாலும் மேலே உள்ள மெழுகுப் பூச்சைத் தாண்டி மருந்து உள்ளே இறங்காது. பிறகு 2010இல், மணல் துணுக்கு அளவே உள்ள குளவி ஒன்றைக் கடல் கடந்து போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துத் தோட்டங்களில் விட்டார்கள். பெயர் அசெரோபேகஸ் பப்பாயே. அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும். அதன் குஞ்சு உள்ளேயிருந்தே தின்று தீர்த்துவிட்டு வெளியே வரும். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. அந்தக் குளவியை நான் கண்ணால் கண்டதில்லை. காணுகிற அளவும் அதற்கில்லை. ஆனாலும் பப்பாளி மரத்தைத் தாண்டும்போது ஒரு மரியாதை வரத்தான் செய்கிறது. சம்பளம் கேட்காமல், அறிவுரை சொல்லாமல், வேலையை மட்டும் முடித்துக் கொடுக்கிற ஆள் உள்ளூரில் எங்கே கிடைக்கிறார்கள்?

பொழுதோட அறுவடை. வெண்டைக்காய்க்கு ஒரு குணம் உண்டு: பிஞ்சாக இருக்கும்போது இலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், முற்றிய மறுநாள் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். நுனியை ஒடித்துப் பார்த்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் அது விதைக்குத்தான். கடையில் ஒவ்வொரு வெண்டைக்காயாக நுனி ஒடித்துப் பார்த்துக் கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் என் தோட்டத்துக்கு வந்தால் ஆசை தீர ஒடிக்கலாம்.

அறுவடையில் பெரிய பிரச்சினை சுரைக்காய். ஒரு கொடி ஒரு குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும். பந்தலில் அதற்கு மேலேயே இருக்கிறது. சுரைக்காய்க் கூட்டு, பொரியல், சாம்பார், அடை, அல்வா வரை போய்விட்டோம். அதற்குப் பிறகு தெருவுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். முதல் வாரம் "அடடா, வீட்டுக் காயா! மருந்தடிக்காத காய்!" என்று இரண்டு கையால் வாங்கினார்கள். அடுத்த வாரம் ஒரு கையால் வாங்கினார்கள். அதற்கடுத்த வாரம் நான் பையோடு தெருவில் இறங்கினாலே கேட் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், இஸ்திரி போடுகிறவர், மீட்டர் பார்க்க வந்தவர் எல்லோரும் ஆளுக்கொன்று கொண்டு போனார்கள். மீட்டர் பார்ப்பவர் மட்டும் அரசாங்க வேலை, கை நீட்டி எதையும் வாங்கக் கூடாது என்று தயங்கினார். அவ்வளவு நேர்மையான மனிதருக்கு இன்னொன்று சேர்த்தே கொடுத்தனுப்பினேன்.

இப்படியிருக்க, ஒரு நாள் தெருக்கோடி வீட்டு அக்கா சிரித்த முகத்தோடு வந்தார். "நீங்கதான் எப்பவும் குடுக்கறீங்க, இன்னிக்கு நாங்க குடுக்கறோம். ஒரம்பரை வீட்டுத் தோட்டத்துக் காய்" என்று ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே சுரைக்காய். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இடுப்பில் பந்தல் கம்பி பட்டு விழுந்த தழும்பு. திங்கட்கிழமை நான் அறுத்து எதிர் வீட்டுக்குக் கொடுத்த அதே காய். எத்தனை வாசல் ஏறி இறங்கி வந்ததோ, ஒருவரும் அதன் மேல் கத்தி வைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் சுரைக்காய்க் கூட்டு.

இருட்டியதும் தரகு வேலையில் இரண்டாவது ஷிப்ட். அரசாணிக்கு முகூர்த்தம் விடிகாலை என்றால், சுரைக்கும் புடலைக்கும் அந்தி சாய்ந்த பிறகு. சுரைப்பூ வெள்ளையாக மாலையில்தான் விரியும். அந்துப்பூச்சிகள் வந்துதான் மகரந்தம் சேர்க்க வேண்டும். அவற்றை நம்பி இருக்க முடியாது என்று நான் டார்ச்சோடு பந்தலுக்கடியில் போய்விடுவேன். ஒருமுறை பின் வீட்டுக்காரர் மாடியிலிருந்து, "யாரது? யாரது அங்க?" என்று குரல் கொடுத்தார்.

"நாந்தானுங்க. சுரைக்குக் கல்யாணம் பண்ணிட்டு இருக்கறேன்."

சிறிது நேரம் மேலேயிருந்து பேச்சே இல்லை. பிறகு மிகுந்த கனிவோடு, "சரிங்க, நடத்துங்க" என்றார். அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் என் உடம்பைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறார்.

அவர் கேட்காததை என் மனைவி கேட்டாள்: "தெருவுல யாரும் வாங்காத காய்க்கு, ராத்திரில டார்ச் அடிச்சுக் கல்யாணம் எதுக்குங்க?" நியாயமான கேள்வி. பூத்த பூவைச் சும்மா உதிரவிட மனசு வரவில்லை என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை. இரண்டு சென்ட்காரனுக்கே இப்படி என்றால், இருபது சென்ட்டில் கத்தரி போட்டுப் பிழைக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

கத்தரிச் செடியில் ஒரு குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே கிள்ளி எடுத்து அழிக்காவிட்டால் அடுத்த தலைமுறை காய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். செடி செடியாகக் குனிந்து பார்க்க வேண்டும். நான் ஒரு பாத்திக்கு அதைச் செய்துவிட்டுத் தைலம் தேய்த்துக்கொள்கிறேன். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை எங்கள் வடவள்ளியிலும் இருக்கிறது. தொண்டாமுத்தூர்ப் பக்கமிருந்து விடியும் முன்னே மூட்டையோடு வந்து இறங்குகிறவர்களிடம், பைக்கை அணைக்காமலே ஒருவர், "ஏம்மா, கத்தரிக்கா அஞ்சு ரூவா கொறச்சுக்க, ரெண்டு பச்சை மொளகாயும் போடு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தோட்டம் போடுவதற்கு முன் நானும் அப்படிக் கேட்பவன்தான். இப்போது வாய் வருவதில்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, கொசுறாகப் போடும் கறிவேப்பிலையை மட்டும் "வேண்டாங்க, வீட்டுல இருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். என் பண்ணையத்தால் ஒரு விவசாயிக்குக் கிடைத்த லாபம் இதுவரை அவ்வளவுதான்.

வீட்டுத் தோட்டத்தில் காய் மிச்சமாகும், காசு மிச்சமாகாது. காசை மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் சந்தைக்குப் போவதே மேல். காய்கறிக்காரர்களிடம் பேரம் பேசும் பழக்கத்தை ஊரிலிருந்து ஒழிக்க வேண்டுமானால் சட்டமெல்லாம் வேண்டாம். ஆளுக்கு இரண்டு சென்ட் கொடுத்து ஒரு புரட்டாசி மாதம் பார்த்துக்கொள்ளச் சொன்னால் போதும். உங்களுக்கும் போட ஆசையிருந்தால் ஆடி வரை காத்திருக்க வேண்டாம், தைப்பட்டம் இருக்கிறது. விதை நானே தருகிறேன், காசு வேண்டாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: விதைக்கு வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு சுரைக்காய் எடுத்துப் போக வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கும் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது.